கியூபிட்

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுக்குக் கியூபிட் என்று பெயர். 1995-இல் அமெரிக்க இயற்பியலாளர் பெஞ்சமின் ஷூமாக்கரின் ஆய்வுக் கட்டுரை வழியாக இச்சொல் புழக்கத்துக்கு வந்தது. சக இயற்பியலாளர் வில்லியம் வூட்டர்ஸுடன் பேசிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகப் பிறந்த பெயர் என்று ஷூமாக்கரே அக்கட்டுரையின் நன்றியுரையில் எழுதியிருக்கிறார். 'குவாண்டம் பிட்' என்பதன் சுருக்கம் இது. ஆங்கிலத்தில் முழத்துக்கு உள்ள பெயரும் காதில் இப்படியே விழும். தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழைக்கு 300 முழ நீளம் சொல்லப்படுகிறதே, அந்த முழம்தான்.

பிட் மூத்த சொல். ஜான் டூக்கி தந்த பெயரென்று கிளாட் ஷானன் 1948-இல் பதிவுசெய்தார். அது 0 அல்லது 1. வேறு நிலை கிடையாது.

கியூபிட்டோ அளக்கும்வரை இரண்டும் கலந்த நிலையில் இருக்கலாம். கலவையில் ஒவ்வொன்றுக்கும் வீச்சு என்னும் ஓர் எண் உண்டு. அது குறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதுதான் இதன் உயிர்நாடி. ஒரே விடைக்குப் போகும் இரு வழிகளின் வீச்சுகள் எதிரெதிர்க் குறி பெற்றால் ஒன்றையொன்று அழித்துவிடும். தவறான விடைகள் அழிந்து சரியானது வலுக்கும்படி அமைப்பதே குவாண்டம் நிரலாக்கம். குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடும் என்று எழுதுவது வாசகரை ஏமாற்றும். 300 கியூபிட்டுகளின் நிலையை முழுதாக எழுத 2-இன் 300ஆம் அடுக்கு அளவு எண்கள் வேண்டும். ஆனால் அளந்தால் கைக்கு வருவது 300 பிட்தான். பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிக்க 1994-இல் பீட்டர் ஷோர் கண்ட வழிமுறை இந்த அழித்தலையும் வலுத்தலையும் நம்பித்தான் இயங்குகிறது.