கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீதிமன்றம்

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த பிரெஞ்சு வரலாறு புரட்சியில தொடங்கி நெப்போலியனோட முடிஞ்சுடும். அதற்கு முந்தைய ஒரு வழக்கைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்ல. சொல்லித் தந்திருந்தா வகுப்பே சிரிச்சிருக்கும். ஆனால் அந்த வழக்கில் சிரிக்க ஒன்றுமில்லை.

17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் நினைத்தவுடன் விவாகரத்து எடுக்க ஏலாது. கணவனால் உடலுறவு கொள்ள முடியாது என்று நிரூபித்தால், திருமணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கலாம். எப்படி நிரூபிப்பது? அதற்கொரு பரீட்சை இருந்தது. குறித்த நாளில் தம்பதியரைக் கட்டிலுக்கு அனுப்புவார்கள். வைத்தியர்களும் மருத்துவிச்சிகளும் பக்கத்திலேயே காத்திருப்பார்கள். பிறகு பரிசோதித்து அறிக்கை எழுதுவார்கள்.

லான்ஜே பிரபுமீது அவருடைய மனைவி இப்படி வழக்குப் போட்டார். பிரபு பயப்படவில்லை, தானே இந்தப் பரீட்சையைக் கேட்டார். 1659இல் அது நடந்தது. அவரால் முடியவில்லை. திருமணம் இரத்தானது, சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது, மறுமணமும் செய்யக்கூடாது என்றார்கள். பாரிஸ் முழுக்க அவர் பெயர் பகிடியாகிப் போச்சு.

பிறகு அவர் தடையை மீறி இன்னொரு பெண்ணைக் கலியாணம் செய்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள்!

1677இல் பாரிஸ் உயர்நீதிமன்றம் இந்தப் பரீட்சையை ஒழித்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். பெண்களையும் இது கூசவைத்தது, அவர்களுடைய உடலும் அந்நியர்களால் சோதிக்கப்பட்டது என்பதை நாங்கள் மறந்துவிடக்கூடாது.

லான்ஜேக்கு என்ன நடந்திருக்கலாம் என்று இன்றைய உடலியல் விளக்குகிறது. விறைப்பு என்பது இரத்தம் நிரம்புவது. நரம்பிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் இருந்து வெளிவரும் நைட்ரிக் ஒக்சைட், தசையைத் தளர்த்தி இரத்தத்தை உள்ளே விடுகிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரந்து அதே தசையை இறுக்கிவிடும். அதாவது ஆளைத் தோற்கடிக்கக்கூடிய ஒரு நிலைமையை உண்டாக்கிவிட்டு, தோல்வியைச் சாட்சியமாக எழுதினார்கள்.

இது எல்லாமே மனப்பிரச்சினைதான் என்று 20ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் நம்பினார்கள். 1983இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரியல் மருத்துவர்கள் மாநாட்டில், பிரிட்டனின் ஜைல்ஸ் பிரின்ட்லி தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையில் காற்சட்டையைக் கழற்றி, மருந்தாலேயே விறைப்பு வரும் என்று காட்டினார். (அந்தச் சபையில் இருந்தவர்களின் முகத்தை யோசிச்சுப் பாருங்க.) நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில், 1998இல் வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதற்கிடையில் 1992இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள், 'இம்பொட்டன்ஸ்' என்ற இழிவான சொல்லை விட்டுவிட்டு 'விறைப்புச் செயலிழப்பு' என்று பொருள்படும் சொல்லைப் பாவிக்கச் சொன்னார்கள். நாங்கள் இன்னும் 'ஆண்மைக் குறைவு' என்றுதான் சொல்லுறம். கால் வலித்தால் ஒருத்தரும் அதை ஆண்மையோடு சேர்க்கிறதில்லை.

இந்தச் சொல்லால் வரும் கூச்சத்தில் டொக்டரிட்டப் போகாமல் விட்டால் இழப்பு பெரிது. சீனி வருத்தம், பிரஷர், புகைத்தல் எல்லாம் இரத்தக்குழாயைக் கெடுக்கும். அங்குள்ள குழாய்கள் சிறியவை என்பதால், இருதய நோய் வெளிப்பட முன்னமே இந்த அறிகுறி வரலாம். தனக்குத்தானே குளிசை வாங்கிப் போடுவதும் ஆபத்து: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் பாவிக்கிறவர் சில்டெனாஃபிலும் போட்டால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு இறங்கும்.