அச்சேறும் முன்பே உங்கள் எழுத்து உங்களுடையது

அப்புத்தளையிலும் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கவிதை, கதை, குடும்ப வரலாறு என எழுதிக் கொப்பிகளில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவற்றை அச்சகத்துக்கோ போட்டிக்கோ கொடுக்கும்போது, 'வேறொருவர் தன் பெயரில் போட்டுவிட்டால்?' என்ற பயம் வரும். பதிவு செய்தால்தான் உரிமை கிடைக்கும் என்று பலர் நம்புவதும் இந்தப் பயத்துக்கு ஒரு காரணம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்வது வேறு. ஒரு படைப்பு உருவானதுமே அதற்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. அதன் தரமும் நோக்கமும் பொருட்டல்ல. பதிப்புரிமையைப் பதிய வேண்டியதில்லை. ஐ.எஸ்.பி.என் இலக்கம் நூலை அடையாளப்படுத்துவதற்கு மட்டுமே. அது உரிமை தருவதில்லை. எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார்; அவருடைய எழுத்துகளுக்கு 2054 வரை பாதுகாப்பு உண்டு.

எது பாதுகாக்கப்படாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்துக்கும் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் நடந்த மீரியபெத்தை மண்சரிவைப் பற்றி யாரும் எழுதலாம். நீங்கள் அதைச் சொன்ன சொற்களும் அமைப்பும் மட்டுமே உங்களுடையவை. பாட்டி பாடிய பழைய தாலாட்டும் ஒப்பாரியும் தனியொருவருக்குச் சொந்தமல்ல. ஆனால் அவற்றைத் தேர்ந்து, ஒழுங்குபடுத்தி, குறிப்பெழுதிய உழைப்பு உங்களுடையது.

உரிமை தானாகவே வந்தாலும், சர்ச்சை எழுந்தால் அதை நிரூபிக்க ஆதாரம் வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழான வழக்குகளை விசாரிக்கும் வர்த்தக மேல் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் அலைவதைவிட, முன்கூட்டியே ஆயத்தமாவது இலகு:

• கையெழுத்துப் பிரதியில் உங்கள் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். படைப்பில் வழமையான முறையில் பெயர் குறிக்கப்பட்டவரையே, மறுத்து நிரூபிக்கப்படும் வரை, சட்டம் ஆசிரியராகக் கருதுகிறது.
• பழைய வரைவுகளை எறியாதீர்கள். திருத்தமும் அடித்தலும் உள்ள கொப்பி நல்ல சாட்சி.
• பக்கங்களைப் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். திகதி பதிவாகும். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்புவது ஓர் ஆதாரமாகலாம். அதுவே உரிமைப் பத்திரம் அல்ல.
• ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். 1981 யூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. இடப்பெயர்வில் கொப்பிகளை இழந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.
• முழுப் பிரதியையும் வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யாருக்கு, எப்போது அனுப்பினீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள்.

ஒப்பமிடும்போதுதான் அதிக கவனம் தேவை. உரிமையை வேறொருவருக்கு மாற்ற, உரிமையாளர் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும், வாய்ச்சொல் போதாது. ஆகவே போட்டி விண்ணப்பத்திலும் பதிப்பக ஒப்பந்தத்திலும் 'சகல உரிமைகளும்' என்ற சொற்கள் இருந்தால் நிறுத்தி வாசியுங்கள். ஒரு பதிப்புக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். நிறுவனமொன்றில் தொழில்செய்து, அந்தத் தொழிலின் பகுதியாக எழுதியதென்றால், வேறு உடன்பாடு இல்லாதபோது பொருளாதார உரிமை தொழில்தருநருக்கே போகும்.

உரிமையை விற்ற பிறகும் உங்களிடம் எஞ்சுபவை உண்டு. உங்கள் பெயரைப் போடும்படி கேட்கலாம், புனைபெயரில் வெளியிடலாம், உங்கள் மதிப்பைக் கெடுக்கும் திரிப்பை எதிர்க்கலாம். இவை தார்மிக உரிமைகள். போரையும் இழப்பையும் எழுதுகிற, சொந்தப் பெயரை வெளியிடத் தயங்குகிற ஒருவருக்குப் புனைபெயர் உரிமை பெரிய பாதுகாப்பு. அப்படி எழுதுவோர் தம் பெயரும் திகதியும் உள்ள மூலப் பிரதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.