ஸ்ரீவைகுண்டத்தின் முதலெழுத்து: தமிழ் இணையப் பக்கங்களும் உலாவிகளின் பொதுநெறியும்

தமிழ் எழுத்தை இயந்திரத்துக்கு இசைவாக்கும் வேலை தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலைத் தளமாகக் கொண்டு பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அவ்வச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. வாசிப்பவரே இடமறிந்து படித்துக்கொள்ள வேண்டும். எழுத்தின் வடிவத்தை வாசகரின் ஊகத்துக்கு விட்ட அந்த நிலை, இணையம் வந்தபோது வேறு உருவில் திரும்பியது.

பக்கத்தின் தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்து எழுதும் பாணித்தாள் (சிஎஸ்எஸ்) முறையை ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்தார். சிஎஸ்எஸ்-இன் முதல் பதிப்பை வேர்ல்டு வைடு வெப் கூட்டமைப்பு 1996 டிசம்பரில் பரிந்துரையாக்கியது. விதி ஒன்றாக இருந்தும் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதை வெவ்வேறாகவே நிறைவேற்றின.

தமிழுக்கு அடி விழுந்தது எழுத்துருவில். 1997இல் வந்த இரு உலாவிகளின் நான்காம் பதிப்புகளும் பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் வசதியைத் தந்தன. ஆனால் மைக்ரோசாஃப்டின் கோப்பு வகை வேறு, நெட்ஸ்கேப்பின் கோப்பு வகை வேறு. ஒவ்வொரு இதழும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலம் அது. எக்ஸ்புளோரருக்கு மட்டும் எழுத்துரு தயாரித்த தளத்தைப் பின்னாளில் வந்த ஃபயர்பாக்ஸில் திறந்தால், தமிழுக்குப் பதில் கொம்பும் கொக்கியும் முளைத்த ரோமன் எழுத்துகளே தெரியும். அதைப் படிக்க வாசகர் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துருமாற்றியை நாடினார். 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்தது. 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பாணித்தாளின் தரத்தைப் பற்றித் தமிழில் பேசவே முடிந்தது, என் கணிப்பில், குறியேற்றச் சண்டை ஓய்ந்த பிறகுதான்.

யூனிகோடும் உடனே நிம்மதி தரவில்லை. பத்தியின் இரு ஓரங்களையும் சமன்படுத்தும் 'ஜஸ்டிஃபை' என்ற ஒற்றைக் கட்டளை, ஃபயர்பாக்ஸ் 2இல் தமிழ் எழுத்துகளை உடைத்துக் காட்டியது. கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகி நின்றன. பாணித்தாளில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. சரிபார்ப்புக் கருவி அதைத் தேறியதாகவே சொல்லும். 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வரும்வரை, அந்த ஒரு வரியை நீக்குவதே தமிழில் எழுதியோர் கண்ட வழி.

பெட்டி அளவிலும் இதே கதை. 200 பிக்சல் அகலம், இருபுறமும் 10 பிக்சல் உள்வெளி, ஒரு பிக்சல் கோடு என்றால் விதிப்படி மொத்தம் 222. விண்டோஸில் ஓடிய எக்ஸ்புளோரர் 5 அதை 200 என்றே எடுத்துக்கொண்டது. 2001இல் வந்த ஆறாம் பதிப்பு, பக்கத்தின் தலையில் உரிய ஆவண அறிவிப்பு இருந்தால் மட்டும் விதியைப் பின்பற்றியது. ஆனால் அகலம் குறித்த பெட்டியில் நீண்ட சொல் வந்தால் அது பெட்டியையே விரித்தது. மற்ற உலாவிகள் சொல்லை வெளியே வழியவிட்டன. ஆங்கிலத்துக்கு அளந்த பட்டியலில் 'அம்பாசமுத்திரம்', 'ஆழ்வார்திருநகரி' என்று ஊர்ப்பெயர்களை இட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு பளிச்செனத் தெரியும்: ஒன்றில் பக்கத்துப் பத்தி கீழே சரியும், இன்னொன்றில் எழுத்தின்மேல் எழுத்து ஏறும்.

இன்று எக்ஸ்புளோரர் இல்லை. 2022 ஜூனில் அதற்கான ஆதரவு நின்றது. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ 2023இல் வெளியிட்ட 'உலா' உலாவியும் கூகுள் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் எழுந்ததுதான். என்ஜின்கள் குறைந்ததால் வேறுபாடுகளும் குறைந்தன. தமிழுக்கே உரிய சிக்கல் குறையவில்லை. ஸ்ரீவைகுண்டம் என்று எழுதிப் பாருங்கள். முதலெழுத்து கண்ணுக்கு ஒன்று. யூனிகோடில் அது நான்கு குறியீடுகளின் தொடர். எழுத்துக்கொத்து விதிப்படி 'ஸ்', 'ரீ' என இரண்டு கொத்து. 2005இல் 'ஶ' சேர்ந்தபின் அதே ஸ்ரீயை இரு விதமாக உள்ளிடலாம், தேடலில் ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாமல் போகலாம். முதலெழுத்தைப் பெரிதாக்கும் கட்டளையும் எழுத்திடைவெளிக் கட்டளையும் இங்கே எதை ஓர் எழுத்தாகக் கொள்ள வேண்டும்? சிஎஸ்எஸ் விதி மொழிக்கேற்ப முடிவெடுக்கும் உரிமையை உலாவிக்கு விட்டிருக்கிறது. ஆகவே ஸ்ரீயைப் பிரித்துக் காட்டும் உலாவியும் விதியை மீறியதாகாது.

இந்திய அரசுத் தளங்களுக்கான 2009ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பல உலாவிகளில் சோதிக்கச் சொல்லியிருந்தன. அந்தச் சோதனையை ஆங்கிலப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதில் பயனில்லை. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டத் தளங்களை அமைப்போர் ஸ்ரீவைகுண்டத்தையும் ஆழ்வார்திருநகரியையும் சோதனைச் சொற்களாக வைத்து, குறைந்தது குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் பார்த்த பிறகே பக்கத்தை வெளியிட வேண்டும்.