மவுஸா... ஷார்ட்கட்டா? கம்ப்யூட்டர்ல எது வேகம்?

'மவுஸைத் தொடாம வேலை பார்த்தாதான் ஸ்பீடு' என்று ஆபீஸில் ஒருவராவது சொல்வார். ஆனால் ஆப்பிள் நிறுவனத்தில் இருந்த புரூஸ் டாக்னாசினி 1989-ல் சொன்னது நேர் எதிர். கீபோர்டுதான் வேகம் என்கிறார்கள் பயன்படுத்துபவர்கள். மவுஸ்தான் வேகம் என்கிறது ஸ்டாப்வாட்ச். எந்த கீயை அழுத்தணும் என்று யோசிக்கும் அந்த ஓரிரு நொடிகள் நமக்கு உறைப்பதே இல்லை என்பது அவர் விளக்கம்.

அதுக்காக ஷார்ட்கட் வேஸ்டா? இல்லை. காப்பி, பேஸ்ட் மாதிரி விரல் தானாகப் போகும் வேலைக்கு கீபோர்டுதான் சரி. மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் வேலைக்கு மெனுவில் தேடி கிளிக் செய்வதே மேல். போட்டோ எடிட்டிங்குக்கு கீபோர்டு மட்டும் போதாது.

வேகத்தைவிட முக்கியமான ஷார்ட்கட்கள் சில உண்டு. கன்ட்ரோல் + எஸ் அடிக்கடி அழுத்தி வந்தால், திடீரென கரண்ட் போனாலும் அதுவரை சேவ் ஆனது தப்பிக்கும். தெரியாமல் அழித்த பத்தியை உடனே மீட்க கன்ட்ரோல் + இசட். மேக்கில் இந்த இரண்டுக்கும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் கீ. விண்டோஸ் கம்ப்யூட்டரை விட்டு டீ குடிக்க எழுந்தால் விண்டோஸ் கீ + எல். ஸ்கிரீன் லாக் ஆகிவிடும், திறந்து கிடக்கும் மெயிலை பக்கத்து சீட்காரர் பார்க்க முடியாது.