ஒலி 96.8க்கு எண் உண்டு, மின்னலுக்கு ஏன் இல்லை? – வானொலிப் பெயர்களின் பின்னணி

"ரேடியோ 4" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது?

ஒன்றும் வரவில்லை என்றால், நீங்கள் ஒலி 96.8 என்ற பெயரோடு வளர்ந்தவராக இருக்கலாம். இரண்டும் ஒரே நிலையம்தான். வீட்டில் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் நிலையத்தின் பெயரைவிட மூன்று எழுத்துகள்தான் முக்கியம்.

அழைப்புக் குறி என்றால் என்ன?

வானலையில் பேசுவது யார் என்பதைக் காட்டும் அதிகாரபூர்வ அடையாளம் அது. வண்டிக்குப் பதிவெண் மாதிரி. அதன் தொடக்க எழுத்துகள் நாட்டைக் காட்டும்.

அமெரிக்காவில் நிலையங்கள் அதை இன்றும் மணிக்கு ஒருமுறை அறிவிக்கவேண்டும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் 'டபிள்யூ' என்று தொடங்கும், மேற்கே 'கே'. அங்குள்ளவர்கள் சின்ன வயதில் கேட்ட நிலையத்தை எழுத்துகளாலேயே நினைவு வைத்திருப்பது அதனால்தான்.

நமக்கும் அப்படி இருந்ததா?

இருந்தது. 1930களில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்த வட்டாரத்துக்கு 'இசட்' என்று தொடங்கும் எழுத்துகள் கிடைத்தன.

கோலாலம்பூரில் வானொலி ஆர்வலர்கள் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து நடத்திய நிலையம் 'இசட் ஜி இ'. பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934இல் தொடங்கியது 'இசட் எச் ஜே'. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் அது ஒலிபரப்பியது. அரசாங்கம் நடத்திய நிலையம் அல்ல, ஆர்வலர்களின் சங்கம் என்பதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூரின் 'இசட் எச் எல்' 1937 மார்ச்சில் கால்டிகாட் ஹில்லில் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் அதை நடத்தியது. பிற்காலத்தில் மீடியாகார்ப் இருந்த அதே குன்றுதான்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் நிலையத்தின் பெயர் சியோனான் ஹோசோ கியோக்கு. 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா பிறந்தது. அதோடு எழுத்துகள் பின்னுக்குப் போய், பெயர்கள் முன்னால் வந்துவிட்டன.

எஸ்பிசி, ஆர்டிஎம் – இவை அழைப்புக் குறிகளா?

இல்லை. பலரும் அப்படி நினைப்பதுண்டு. இவை நிறுவனப் பெயர்களின் சுருக்கம் மட்டுமே. டிஎச்ஆர் ராகா என்று மலேசியாவில் சொல்லிப் பழகியவர்கள் நிறைய பேர். அந்த 'டிஎச்ஆர்' டைம் ஹைவே ரேடியோ என்ற ஆங்கில நிலையத்தின் பெயரிலிருந்து வந்தது. நிலையத்தின் பெயர் இப்போது வெறும் ராகாதான், ஆனாலும் பழைய எழுத்துகள் வாயைவிட்டுப் போகவில்லை.

சரி, 96.8 மட்டும் ஏன் பெயரில் ஒட்டிக்கொண்டது? சிங்கப்பூர் சின்ன இடம். ஒரே அலைவரிசை தீவு முழுவதும் எட்டிவிடும். மலேசியாவில் மலைகளும் தூரமும் உண்டு. ஒரே நிலையத்துக்குப் பல ஒலிபரப்புக் கோபுரங்கள் வேண்டும். அக்கம்பக்கக் கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒலித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். மின்னல் எஃப்எம் கோலாலம்பூரில் 92.3. ஊர் மாறினால் எண்ணும் மாறும். அதைப் பெயரில் வைத்தால் எந்த ஊர் எண்ணை வைப்பது? மின்னலுக்கு முன்பு அது ரேடியோ 6, அதற்கும் முன்பு சிவப்பு அலைவரிசை. ஆங்கிலத்துக்கு நீலம், சீனத்துக்குப் பச்சை.

தொலைக்காட்சியில் கதை வேறு. சேனல் 5, சேனல் 8 ஆகியவை அந்தக் காலத்தில் ஒளிவழிகள் உண்மையிலேயே பயன்படுத்திய அலைவரிசை எண்கள். சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றது. எண்களுக்கான காரணம் போய்விட்டது, எண்கள் போகவில்லை. வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியானது. அதற்கு வெகு முன்பு தமிழ் நிகழ்ச்சிகளைச் சேனல் 8இல்தான் பார்த்தோம் என்று மூத்தவர்கள் சொன்னால் நம்புங்கள்.

இதெல்லாம் இப்போது எதற்கு?

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஒலிநாடா இருக்கலாம். தாத்தா பாடியது, பெரியம்மா நடித்த நாடகம். பெரும்பாலும் உறைமேல் தேதி இருக்காது. அப்போது அறிவிப்பாளர் சொல்லும் நிலையப் பெயர்தான் துப்பு. எஸ்பிசி என்றால் 1980 பிப்ரவரிக்கும் 1994 அக்டோபருக்கும் இடையில். ரேடியோ சிங்கப்பூரா என்றால் 1959இலோ சில ஆண்டுகள் கழித்தோ. ரேடியோ மலாயா என்றால் இன்னும் பழையதாக இருக்கலாம்; ரொம்பப் பத்திரம்! பழைய நாடாவை அடிக்கடி ஓடவிடாதீர்கள். முதலில் மின்னிலக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நிலையம், தோராயமான ஆண்டு, குரல் யாருடையது என்பதையும் சேருங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

போருக்கு முந்திய தமிழ் ஒலிபரப்பைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் "தமிழ் வானொலி" என்று மட்டும் தேடினால் போதாது. அன்றைய ஆங்கில நாளிதழ்கள் வானொலி நிகழ்ச்சி நிரலை நிலையத்தின் எழுத்துகளோடு அச்சிட்டன. இசட், எச், எல் என்ற மூன்றையும் ஆங்கில எழுத்துகளில் தட்டி, 1937 முதல் 1941 வரை என்று ஆண்டைக் குறுக்கிப் பாருங்கள். பினாங்குக்குக் கடைசி எழுத்தை மட்டும் ஜே என்று மாற்றினால் போதும்.