371 புரதங்களில் மிஞ்சிய இரண்டு

எல்ஜி3பிபி என்ற புரதத்தின் கதை நுரையீரலில் தொடங்கவில்லை. 1980-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோயைத் துருவிக்கொண்டிருந்தபோது தட்டுப்பட்டது அது. எடை ஏறத்தாழ 90 கிலோடால்டன் என்பதால் ‘90கே’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு வேறு பெயர்களும் வந்தன. உறுதியான வேலை மட்டும் நெடுநாள் வரை கிடைக்கவில்லை.

வேலை வந்தது சிடி ஸ்கேன் வழியாக. 2011-ல் வெளியான அமெரிக்காவின் தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வில் 53,454 பேர் பங்கேற்றார்கள். எல்லோருமே கடுமையாகப் புகைத்தவர்கள். குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் ஸ்கேனில் ‘சந்தேகம்’ என்று வந்தவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோயே இல்லை. பழைய தொற்றின் வடு, ஆறிய பூஞ்சைப் புண் என ஏதோ ஒன்று. அது தெரியும்வரை அந்த மனிதர் தூங்கியிருப்பாரா? நெஞ்சில் ஊசி குத்தித் திசு எடுத்தால் நுரையீரலிலிருந்து காற்று கசியலாம். மார்பைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்தது வெறும் வடு என்று தெரிந்தவர்களும் உண்டு. குணமாக்க வேண்டிய எதுவும் இல்லாத உடம்பில் நாம் ஏற்படுத்தும் காயம் அது. எனக்கு இந்தத் துறையில் அக்கறை வந்ததே அதனால்தான்.

எது புற்றுநோய், எது வெறும் வடு? சியாட்டிலின் இன்டகிரேட்டட் டயக்னாஸ்டிக்ஸ் நிறுவனம் விடையை ரத்தத்தில் தேடியது. பட்டியலில் 371 புரதங்கள். 2013-ல் வெளியான ஆய்வில் 13 மட்டும் நின்றன. கடைசியில் இரண்டே இரண்டு: எல்ஜி3பிபி, அதற்குத் துணையாக சி163ஏ. இந்த இரண்டாவது, மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு செல்களின் மேற்பரப்பிலிருந்து கழன்று ரத்தத்தில் மிதப்பது.

ஆய்வகத்தில் இவற்றை முழுதாக அளப்பதில்லை. பிளாஸ்மாவில் டிரிப்சின் நொதியைச் சேர்த்துப் புரதங்களைத் துண்டாக்குவார்கள். இரண்டுக்கும் அடையாளமான துண்டுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பிரித்து எண்ணும். கணக்கில் சேர்வது இரண்டின் விகிதம். அதோடு வயது, புகைப்பழக்கம், கட்டியின் அளவு, அதன் விளிம்பு முள்முள்ளாக இருக்கிறதா, நுரையீரலில் எந்த இடம் ஆகியவையும் சேரும். புரதம் மட்டுமே தீர்ப்புச் சொல்வதில்லை. நல்ல மருத்துவர் எப்போதும் கேட்கும் கேள்விகளோடு அது கூட்டுச் சேர்கிறது. இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

2018-ல், இந்தச் சோதனையை மதிப்பிட்ட பனாப்டிக் ஆய்வின் முடிவு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 33 மையங்கள்; 8 முதல் 30 மில்லிமீட்டர் வரையிலான கட்டிகள். புற்றுநோய்க்கான வாய்ப்பு பாதிக்கு மேல் இல்லை என்று மருத்துவர்கள் மதிப்பிட்ட 178 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 29 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. சோதனை ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் பிடித்தது. தீங்கற்ற கட்டிகளில் 44 சதவீதத்தை மட்டுமே ‘தீங்கற்றது’ என்று சரியாக அடையாளம் கண்டது. குறைவுதான். மற்றவர்களுக்கு வழக்கமான பரிசோதனைகள் தொடரும். ஆனால் அந்த 44 சதவீதத்தினர் ஊசிக்குப் பதில் சில மாதங்கள் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துக்கொண்டால் போதும். தவறவிட்ட அந்த ஒருவருக்கும் அடுத்த ஸ்கேன்தான் காவல். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

நம் ஊருக்கு இந்த எண்களை அப்படியே கொண்டுவர முடியாது. வட அமெரிக்காவில் பல தீங்கற்ற கட்டிகள் ஹிஸ்டோபிளாஸ்மா போன்ற பூஞ்சைகளின் மிச்சம். இங்கே முதல் சந்தேகம் காசநோய். காசநோய்க் கட்டி என்பதே மேக்ரோஃபேஜ்கள் கூடிக் கட்டிய கோட்டை. சி163ஏ கழன்று வருவதும் அதே செல்களிலிருந்துதான். அப்படியானால் காசநோய் உள்ளவரின் ரத்தத்தில் அந்த விகிதம் எப்படி நிற்கும்? நம் நோயாளிகளின் ரத்தத்தில் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.