தடியடி: சட்டமும் விதிகளும்

தடியடி என்பது, சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறையினர் கைத்தடியைப் பயன்படுத்தும் நடவடிக்கை ஆகும். அத்தடி லத்தி எனப்படும். தடி என்று பொருள்படும் 'லட்டி' என்னும் பாலி மொழிச் சொல்லோடு உறவுடைய இந்திச் சொல்லே தமிழில் லத்தி என நிலைத்தது. குண்டாந்தடி என்ற சொல்லும் மக்கள் வழக்கில் உண்டு. முன்பு பெரும்பாலும் மூங்கிலால் செய்யப்பட்ட லத்தி, இப்போது பாலிகார்பனேட் என்னும் நெகிழியாலும் செய்யப்படுகிறது.

லத்தியை எப்போது ஓங்கலாம், யார் ஆணையிடலாம், உடலின் எந்தப் பகுதியில் அடிக்கலாம் என்பதற்கெல்லாம் இந்தியாவில் எழுதப்பட்ட விதிகள் உண்டு. ஆனால் அடிபடுபவருக்கும் பெரும்பாலும் அடிப்பவருக்கும் அவை தெரிவதில்லை.

சட்டத்தில் உள்ளதும் இல்லாததும்

1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129 ஆம் பிரிவு கூட்டத்தைக் கலைப்பது பற்றியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 148 ஆம் பிரிவாக இடம்பெறுகிறது. சட்டவிரோதக் கூட்டத்தையோ, பொது அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் அடங்கிய கூட்டத்தையோ கலைந்து செல்லுமாறு நிர்வாக நடுவர் ஆணையிடலாம். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கும் இந்த அதிகாரம் உண்டு. ஆணைக்குப் பின்னும் கூட்டம் கலையாவிட்டால், அல்லது கலைய மாட்டோம் என்பது அதன் நடத்தையிலேயே தெரிந்தால், பலத்தைப் பயன்படுத்தலாம். ஆக, முதலில் ஆணை, பிறகே அடி. காவலர் ஒருவர் தம் விருப்பப்படி கூட்டத்துக்குள் லத்தியை வீசுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

எவ்வளவு பலம் என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. இராணுவத்தை அழைப்பது பற்றிய அடுத்த பிரிவோ, கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவுக்கு மேற்படாமல் மிகக் குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும் என்றும், உயிருக்கும் உடைமைக்கும் மிகக் குறைந்த சேதமே விளைய வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கூறுகிறது. 1898 ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்திலும் இதே அமைப்புதான் இருந்தது. துப்பாக்கியோடு வரும் படைவீரருக்குச் சட்டம் எழுத்தில் கடிவாளம் போட்டது. தடியோடு வரும் காவலருக்கு அதே பிரிவில் போடவில்லை. தடி உயிரைக் கொல்லாது என்று சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்கக்கூடும். பின்னர் நடந்தவை அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின.

விடுதலைப் போராட்டக் காலம்

1928 அக்டோபர் 30 அன்று இலாகூரில் சைமன் குழுவை எதிர்த்து ஊர்வலம் நடந்தது. காவல் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் ஸ்காட்டின் ஆணையால் நடந்த தடியடியில் லாலா லஜபதி ராய் மார்பில் அடிபட்டார். நவம்பர் 17 அன்று அவர் காலமானார். அந்த அடிகளுக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்பதே ஆங்கில அரசின் நிலைப்பாடாக இருந்தது. நாட்டு மக்கள் அதை ஏற்கவில்லை.

1930 மே 21 அன்று குசராத்தின் தராசனா உப்பளத்தை நோக்கிச் சரோஜினி நாயுடு, மணிலால் காந்தி ஆகியோர் தலைமையில் தொண்டர்கள் வரிசை வரிசையாக நடந்தனர். எஃகு முனை பொருத்திய ஐந்தடி நீளத் தடிகளால் அவர்களின் தலையிலேயே அடித்தனர். தொண்டர்கள் தடுப்பதற்குக் கையைக்கூட உயர்த்தவில்லை. அங்கிருந்த அமெரிக்கச் செய்தியாளர் வெப் மில்லர் மருத்துவக் கூடத்தில் 320 பேர் காயமடைந்து கிடந்ததாகவும் இருவர் இறந்ததாகவும் எழுதினார். உலக நாளேடுகள் பலவற்றில் வெளியான அச்செய்தியால்தான் லத்தி என்ற பொருளையே பிறநாட்டார் பலர் அறிந்தனர்.

தமிழ்நாட்டில் தடியடி என்றதும் நினைவுக்கு வருபவர் திருப்பூர் குமரன். 1932 சனவரி 10 அன்று தடையை மீறிக் கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தில் தலையில் அடிபட்டு விழுந்தார், மறுநாள் உயிர்நீத்தார். கையில் இருந்த கொடியை விடாததைப் பாடநூல்கள் மறவாமல் சொல்கின்றன. அவர் தலையில் விழுந்தது, இன்றைய விதிப்படி விழவே கூடாத அடி என்பதையும் மாணவர்களுக்குச் சேர்த்துச் சொல்லலாம்.

1964 ஆம் ஆண்டின் மாதிரி விதிகள்

விடுதலைக்குப் பின், 1964 இல் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாடு, கூட்டங்களுக்கு எதிராகப் பலம் பயன்படுத்துவது குறித்து மாதிரி விதிகளை ஏற்றது. கூட்டத்தைக் கலைப்பது மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும். தண்டிக்கும் எண்ணம் கூடாது என்பது அவற்றின் அடிப்படை. தடியடிக்கு முன் கூட்டத்துக்குப் புரியும் மொழியில் தெளிவாக எச்சரிக்க வேண்டும். ஊதுகொம்பு அல்லது விசில் ஒலிக்க வேண்டும். எச்சரிக்கை தர இயலாத சூழல் என்று பொறுப்பு அதிகாரி கருதினால் மட்டுமே விலக்கு உண்டு. அடி, சதைப்பற்றான பகுதிகளில் விழ வேண்டும். தலையையும் காறை எலும்பையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும்.

காறை எலும்பைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஓங்கிய தடி தலையைத் தவறவிட்டால் பெரும்பாலும் தோளில்தான் இறங்கும். காறை எலும்போ தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் கீழே கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எனவே தலைக்கு மேலே தடியை ஓங்குவதே ஆபத்தானது. ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியும், கை கால்களில் மட்டும் அடிக்கலாம் என்றும், தலை, கழுத்து, தொண்டை, முதுகெலும்பு, சிறுநீரகப் பகுதி, வயிறு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது.

ஆனால் 1964 ஆம் ஆண்டின் விதிகளில் நெருடலான ஒரு வரியும் உண்டு. கூட்டம் முற்றிலும் கலையும்வரை அடியை நிறுத்தக்கூடாது என்கிறது அது. ஓடுகிறவரைத் துரத்தி அடிப்பதற்கும், விழுந்தவரைச் சுற்றி நின்று அடிப்பதற்கும் இந்த வரியிலிருந்து நியாயம் தேடுவது எளிது. தண்டிக்கும் எண்ணம் கூடாது என்ற அடிப்படையோடு இதைப் பொருத்திப் பார்த்தால் இரண்டும் ஒட்டவில்லை.

நீதிமன்றங்கள்

இந்த முரண்பாட்டுக்கு விடை தேட உதவும் தீர்ப்பு 2016 இல் வந்தது. ஜம்மு அருகே 2007 இல் நடந்த தடியடி பற்றிய அனிதா தாக்கூர் வழக்கில், போராட்டக்காரர்கள் பக்கமும் வன்முறை இருந்ததை உச்ச நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் கூட்டம் கட்டுக்குள் வந்தபின்னும் தொடர்ந்த பலப்பிரயோகம் மனித உரிமை மீறல் என்று கூறி இழப்பீடு வழங்கியது. தேவை தீர்ந்த கணத்திலேயே அதிகாரமும் தீர்ந்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

இதற்கு முன் 2012 இல், தில்லி ராம்லீலா மைதான வழக்கில், 2011 சூன் 4 நள்ளிரவுக்குப் பின் உறங்கிக்கொண்டிருந்த மக்களை எழுப்பி, கலைந்து செல்லப் போதிய நேரம் தராமல் பலம் பயன்படுத்தியதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே 2009 பிப்ரவரி 19 அன்று வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் மூண்டு தடியடி நடந்தது. நீதிபதி ஒருவரும் அதில் காயமுற்றார்.

2020 ஊரடங்கின்போது தெருவில் நடமாடியவர்கள் பல இடங்களில் லத்தியால் அடிக்கப்பட்டனர். ஒருவர் தனியே மிதிவண்டியில் செல்வது கூட்டம் ஆகாது. ஆணையை மீறியிருந்தால் வழக்குப் பதியலாம். கசையடித் தண்டனையை இந்தியா 1955 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்துவிட்டது. அதன்பின் நீதிபதியே விதிக்க முடியாத உடல் தண்டனையைச் சாலையோரத்தில் காவலர் விதிக்க முடியாது. காவல் நிலையத்துக்குள் லத்தி எடுப்பதற்கும் இதுவே பொருந்தும்.

பதிவு என்னும் சிக்கல்

துப்பாக்கிச் சூடு நடந்தால் குண்டுகள் எண்ணப்படுகின்றன. யார் சுட்டார் என்பதற்கு ஆயுதப் பதிவேடு இருக்கிறது. லத்தி அடியை எண்ணுவதற்கு அப்படி எதுவும் இல்லை. இதனால் தடியடி வழக்குகளில் காயமே முதன்மைச் சான்றாகிறது. அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குச் சென்றால், காயத்தின் இடமும் அளவும் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும். உருண்டைத் தடியின் அடி, நடுவில் வெளிறிய பட்டையும் இருபுறமும் இணையான இரண்டு சிவந்த கோடுகளுமாகத் தோலில் பதியும் என்பது தடய மருத்துவத்தில் அறியப்பட்ட செய்தி. அக்கோடுகள் தொடையில் உள்ளனவா, தலையிலா, ஓடுகிறவரின் முதுகிலா என்பதைக் கொண்டே விதி காக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்க முடிகிறது. சில நாட்களில் அவை மங்கிவிடும் என்பதால், மருத்துவரிடம் உடனே காட்டிப் பதிவு செய்வது இன்றியமையாததாகிறது.